2 வயது காக்கர் ஸ்பேனியல், வேளச்சேரி அபார்ட்மெண்ட்: எடுக்கலாமா?

வேளச்சேரி_ரெண்டாம்மாடி

வணக்கம். நாய் வளர்த்த அனுபவமே கிடையாது, சின்ன வயதில் தெருநாய்க்குப் பொறை வாங்கிப் போட்டதோடு சரி. இப்போது திடீரென்று ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

என் மனைவியோடு வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு கனடா போகிறார். அவர்களிடம் 2 வயது இங்கிலீஷ் காக்கர் ஸ்பேனியல் இருக்கிறது. ஆண், தங்க நிறம், பெயர் மைலோ. கூட்டிப் போக முடியவில்லை, காசு எதுவும் வேண்டாம், நல்ல வீடாக இருந்தால் போதும் என்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். என் பெண் (9 வயது) அவனைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்தவள்தான், கிளப்பி வீட்டுக்குக் கூட்டி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்கள் நிலவரம்: இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, 900 சதுர அடி. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. பகலில் அம்மா இருப்பார். அம்மாவுக்கு நாய் என்றால் பயமில்லை, ஆனால் முடியும் வாசனையும் ஆகவே ஆகாது. "நாய் வந்தால் நான் உன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்" என்று பாதி விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதி விளையாட்டில்லை.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. குளிப்பாட்டி இரண்டு நாள்தான் ஆகிறது என்றார்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு புளித்த வாசனை, தலையை வேறு அடிக்கடி உதறிக்கொண்டே இருந்தான். கேட்டால் "ஸ்பேனியல்னாலே அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்கள். இன்னொன்று, நான் குனிந்து தலையைத் தடவப் போனபோது தரையிலேயே சிறுநீர் விட்டுவிட்டான். 2 வயதாகியும் பழக்கவில்லையா?

இந்த ஜாதி நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா? முதல் நாய்க்கு இது சரியா? அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாம்பலம்_ராணியப்பா

சார், எங்கள் வீட்டில் ராணி என்று ஒரு காக்கர் இருக்கிறாள், வரும் தை மாதம் 13 முடிகிறது. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புளித்த வாசனை. பக்கத்தில் உட்கார்ந்தபோது, இட்லி மாவு இரண்டு நாள் வெளியே இருந்து பொங்கி வழிந்த மாதிரி அடித்ததா? அப்படியென்றால் அது நாயின் வாசனை இல்லை, காதின் வாசனை. காதுக்குள் ஈஸ்ட் பெருகினால் அச்சு அசலாக அப்படித்தான் அடிக்கும். "ஸ்பேனியல்னாலே அப்படித்தான்" என்பது பாதி உண்மை. இந்த ஜாதிக்குக் காது கனமாகத் தொங்கி வாசலை மூடிவிடுகிறது, உள்ளேயும் முடி அதிகம். நாய்க்குக் காதுக்குழாய் நம்முடையது போல நேராகப் போகாது, கீழே இறங்கி அப்புறம் உள்பக்கமாகத் திரும்பும், ஆங்கில எல் எழுத்து மாதிரி. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. அதோடு சென்னைப் புழுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காக வாசனையோடே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது வியாதி, வைத்தியம் உண்டு.

அடுத்த முறை போகும்போது காதைத் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் வெளிர் ரோஜா நிறமாக இருந்தால் நல்லது. செக்கச்செவேல் என்று இருந்தாலோ, காபிப் பொடி மாதிரி அழுக்கு ஒட்டியிருந்தாலோ, தொட்டதும் அவன் முனகினாலோ டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள். அழுக்கைத் துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற டாக்டராக இருக்கட்டும். ஈஸ்டுக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு மருந்து. பார்க்காமலே சொட்டு மருந்து எழுதிக் கொடுத்த ஒரு கிளினிக்கில் நான் இரண்டு மாதம் ஏமாந்தேன். அந்த இரண்டு மாதமும் ராணி தலையை உதறி உதறி, ஒருநாள் காலையில் பார்த்தால் இடது காது பூரி மாதிரி உப்பியிருக்கிறது. உள்ளே ரத்தக்குழாய் உடைந்து காது மடலுக்குள்ளேயே ரத்தம் கட்டிவிட்டது. ஆபரேஷன் செய்துதான் சரியானது, அந்தக் காது இன்றைக்கும் வெயிலில் காய்ந்த வடாம் மாதிரி சுருங்கித்தான் இருக்கும்.

சுத்தம் செய்வது பெரிய வித்தையில்லை. நாய்க் காதுக்கென்றே விற்கிற லோஷனைக் குழாய்க்குள் தாராளமாக விட்டு, காதின் அடிப்பகுதியை விரலால் பிசைய வேண்டும், உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்கும். கேட்டால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள், ஒரு உதறு உதறுவான் பாருங்கள், அழுக்கெல்லாம் சுவரில் தெறிக்கும் (பால்கனியில் வைத்துச் செய்யுங்கள், நான் ஹாலில் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்). பிறகு விரலில் பஞ்சு சுற்றி, விரல் போகிற தூரம் மட்டும் துடைத்தால் போதும். காது குடையும் பட்ஸ் வேண்டவே வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளிவிடும். வாரம் ஒரு தடவை போதும், தினமும் கழுவினால் அதுவே ஈரம் சேர்க்கும். குளித்த பிறகும் கடலில் விளையாடிய பிறகும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். ஆனால் ஏற்கெனவே காது புண்ணாக இருந்தால் டாக்டர் பார்க்கும் வரை லோஷன் எதையும் ஊற்றாதீர்கள், உள்ளே சவ்வு கிழிந்திருந்தால் வேறு வினையாகிவிடும்.

தண்ணீர்க் கிண்ணம் அகலமாக இருந்தால் காது இரண்டும் அதில் ஊறும். வாய் குறுகி உயரமாக இருக்கிற கிண்ணம் வாங்குங்கள், மூஞ்சி உள்ளே போகும், காது வெளியே நிற்கும். சாப்பிடும்போது நான் ராணிக்குப் பழைய காலுறையின் நுனியை வெட்டித் தலையில் மாட்டிவிடுவேன். பார்க்கப் பால்காரப் பாட்டி மாதிரி இருப்பாள், ஆனால் காதில் சோறு ஒட்டாது.

சிறுநீர் விஷயம்: பழக்காததில்லை சார், பணிவு. புது ஆள், அதுவும் பெரிய ஆள், மேலே குனிந்து தலைக்கு நேராகக் கை நீட்டினால் சில காக்கர்கள் "நான் ஒன்றும் செய்யமாட்டேன் சாமி" என்று விட்டுவிடும். திட்டினால் இன்னும் அதிகமாகும். பக்கவாட்டாக உட்கார்ந்து, அவனாக வரட்டும் என்று இருந்து, மார்புப் பக்கம் தடவிக் கொடுங்கள். உங்கள் பெண் தரையில் உட்கார்ந்தாளே, அவளிடம் விட்டானா? விட்டிருக்கமாட்டான்.

கிண்டி_நாட்டுநாய்

நல்லா கதை சொல்கிறீர்கள் ராணியப்பா, ஆனால் காது, கிண்ணம், காலுறை என்று இத்தனை சேவகம் எதற்கு? அதே அன்பை ஒரு தெருநாய்க் குட்டி கொடுக்கும், நம் வெயிலுக்குப் பிறந்தது, காது நிமிர்ந்து காற்று வாங்கும். ப்ளூ கிராஸில் எத்தனையோ காத்துக் கிடக்கின்றன. குளிர்நாட்டு வேட்டை நாயைக் கொண்டுவந்து மூன்றாவது மாடியில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேளச்சேரி_ரெண்டாம்மாடி

இரண்டாவது மாடி :) நீங்கள் சொல்வது புரிகிறது அண்ணா. குட்டி வாங்குவதாக இருந்தால் நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன். இவன் ஏற்கெனவே இருக்கிறான், யாராவது எடுத்தாக வேண்டும்.

ராணியப்பா சார், ரொம்ப நன்றி. பெண்ணிடம் கேட்டேன், அவளிடம் ஒரு சொட்டு விடவில்லையாம். வாசனையும் மாவு வாசனையேதான், நீங்கள் சொன்ன பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை.

வெட்_அக்கா

கிண்டி அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வேறு வீடு தேடுகிற 2 வயது நாயும் அதே வரிசையில்தான் நிற்கிறது. நான் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன், காக்கர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று வரும், பெரும்பாலும் காதுக்காகத்தான். மற்றதை நான் சொல்கிறேன்.

குட்டியாக இல்லாமல் 2 வயதில் வருவது ஒரு வகையில் உங்களுக்கு நல்லது. இங்கிலீஷ் காக்கருக்குப் பரம்பரையாக ஒரு சிறுநீரகக் கோளாறு உண்டு, அது இருக்கிற நாய்களுக்குப் பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 2 வயதுக்கும் நடுவில் வெளியே தெரிந்துவிடும். ஒரு ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துக்கொண்டால் நிம்மதி. கண் விஷயம் அப்படியில்லை, விழித்திரை மெல்ல மெல்லத் தேய்கிற நோய் நடுவயதில்கூட ஆரம்பிக்கலாம். முதலில் போவது இருட்டுப் பார்வை. விளக்கை அணைத்துவிட்டுப் படியிறங்கச் சொல்லுங்கள், தயங்குகிறானா பாருங்கள். கண்ணின் உள்மூலையில் சிவப்பாகச் செர்ரிப் பழம் மாதிரி ஏதாவது பிதுங்கியிருந்தால் அதுவும் இந்த ஜாதிக்கு வரக்கூடியதுதான், சின்ன ஆபரேஷனில் உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள்.

அப்புறம் கீழுதட்டைப் பிரித்துப் பாருங்கள். கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் உதட்டில் ஒரு மடிப்பு இருக்கும், எச்சிலும் சோறும் தங்கி அழுகி நாறும். காது சுத்தமாகி வாசனை மட்டும் போகவில்லை என்று வருகிறவர்களுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம். சாப்பிட்ட பிறகு ஈரத்துணியால் துடைத்து உலர விட்டால் போதும்.

வெயில்: பக் நாய் மாதிரி சப்பை மூக்கு இல்லாததால் இவன் சமாளிப்பான். ஆனால் நடை காலை ஆறரைக்குள், மாலை ஏழுக்கு மேல். கத்திரி வெயில் நாட்களில் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள், ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது. வெயிலுக்காக மொட்டை அடித்துவிடாதீர்கள், இது எல்லாரும் செய்கிற தப்பு. முதுகு முடியைத் தோல் தெரிய மழித்தால் வெயில் நேராகத் தோலில் படும், திரும்ப வளரும் முடியும் பட்டு மாதிரி இருக்காது. வயிறு, கால், பாதம், காதின் உள்பக்கம் மட்டும் குறைத்தால் போதும். கருத்தடை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். செய்தபின் காக்கர்களுக்கு முடி பஞ்சு மாதிரி அடர்ந்து வளர்வது உண்டு, அப்போது சீப்பு வேலை இரட்டிப்பாகும். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், முடி கொட்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் பத்து நிமிடம் சீவினால் அது தரைக்கு வராமல் சீப்போடு போகும். காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, இந்த மூன்றில்தான் சிக்கு விழும்.

உண்ணியை நான் காதுக்குச் சமமாகச் சொல்வேன். காதுமடிப்பு, விரலிடுக்கு இரண்டிலும் தினமும் தடவிப் பாருங்கள். நம் ஊர் உண்ணி நாய்மேல் மட்டும் வாழ்வதில்லை, இறங்கிப் போய்ச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசச் சொல்வார்கள், செய்யாதீர்கள், நக்கினால் கற்பூரம் விஷம். மாத்திரையாகவோ கழுத்தில் விடுகிற சொட்டாகவோ எடைக்குத் தகுந்தபடி டாக்டர் தருவார், தேதி தவறாமல் கொடுங்கள். சாப்பிடாமல் படுத்திருந்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், டிக் ஃபீவராக இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் மருந்துக்குக் கேட்கும்.

வேளச்சேரி என்பதால் இதையும் சொல்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் அதில் இறக்காதீர்கள், எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். தடுப்பூசி அட்டையில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேபிஸ் ஊசி தேதியையும் பாருங்கள்.

அடையாறு_மீனா

மேலே எல்லாரும் உடம்பைச் சொல்லிவிட்டார்கள், மனசைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இது இரண்டாவது காக்கர்.

இது பறவையைப் புதரிலிருந்து கிளப்பிவிடப் பழக்கிய ஜாதி. வுட்காக் என்ற பறவையை வைத்துத்தான் காக்கர் என்ற பெயரே வந்தது (அந்தப் பறவை குளிர்காலத்தில் நம் நீலகிரிக்கும் வரும்). அதனால் மூக்குக்கு வேலை கொடுக்காவிட்டால் வீட்டில் வேலை தேடிக்கொள்ளும், செருப்பு, ரிமோட், தலையணை என்று. எங்களவன் முதல் வருஷம் ஒரு முழுப் பஞ்சு மெத்தையைப் பிரித்துப் பார்த்தான். ஒரு மணி நேரம் நடக்க வைப்பதைவிட, அரை மணி நடையில் அவனிஷ்டத்துக்கு மோப்பம் பிடிக்க விடுவது பலன் தரும். காலை நடையில் ஒவ்வொரு மின்கம்பமும் அவனுக்கு அன்றைய பேப்பர், இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வீட்டில் பழைய துண்டுக்குள் பிஸ்கட்டைச் சுருட்டி ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் அசந்து தூங்குவான். காலி மனைப் பக்கம் போனால் நாயுருவி முள் காதிலும் பாதத்திலும் அப்பிக்கொண்டு வரும், வீட்டுக்குள் விடுவதற்கு முன் வாசலிலேயே எடுத்துவிடுங்கள்.

தனிமை இதற்கு ஆகவே ஆகாது. குளியலறைக்குப் போனாலும் கதவோரம் படுத்திருக்கும். உங்கள் வீட்டில் அம்மா இருப்பதுதான் பெரிய பலம், அவரே வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள், இதை நான் அழுத்தியே சொல்வேன். பகல் முழுவதும் அவனோடு இருக்கப் போவது நீங்களோ உங்கள் பெண்ணோ இல்லை.

சாப்பாட்டில் ஏமாறாதீர்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தவன் மாதிரி பார்ப்பான், எல்லாம் நடிப்பு. 13, 14 கிலோ எடைதான் இருக்க வேண்டும், விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். உலர் தீனி என்றால் நாளுக்குச் சுமார் 200 கிராம், இரண்டு வேளையாக, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாப்பாடு என்றால் வேகவைத்த கோழி, கொஞ்சம் சோறு, பரங்கிக்காய், கேரட், முட்டை. தயிர்சாதம் கொஞ்சம் கொடுக்கலாம், அதுவே மூன்று வேளையும் ஆகக் கூடாது. சாம்பார் கலந்த சோறு மட்டும் வேண்டாம், வெங்காயம் ரத்த அணுக்களைக் கெடுக்கும். திராட்சையும் கூடாது, பாயசத்தில் மிதக்கிற உலர்ந்த திராட்சை உட்பட. பண்டிகை நாளில் தாத்தா பாட்டிகள் கை சும்மா இருக்காது, கவனம்.

வாயில் எதையாவது கவ்விக்கொண்டு தராமல் உறுமினால் பிடுங்காதீர்கள். வேறு தின்பண்டம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பெண்ணுக்கும் இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள், அவன் சாப்பிடும்போது கிட்டே போகக் கூடாது என்பதையும்.

அசோசியேஷன் ஏதாவது கிளப்பினால் பயப்படாதீர்கள். நாய் வளர்க்கவே கூடாது என்று அவர்கள் தடை போட முடியாது, விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலில் இது தெளிவாக இருக்கிறது (வாரியத்தின் தலைமையகம் அப்போது நம் திருவான்மியூரில்தான் இருந்தது). ஆனால் மாநகராட்சி லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், மைக்ரோசிப் போட்டிருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். கனடா போன பிறகு கையெழுத்துக்கு அலைய முடியாது.

கிண்டி_நாட்டுநாய்

நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இவனை எடுங்கள். அடுத்த முறை குட்டி வேண்டும் என்று உங்கள் பெண் கேட்டால் அப்போது என்னிடம் வாருங்கள்.

வேளச்சேரி_ரெண்டாம்மாடி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மைலோ வந்துவிட்டான். கொடுப்பதற்கு முன்பே அவர்களையும் கூட்டிக்கொண்டு வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். இரண்டு காதிலும் ஈஸ்ட், வலது காதில் அதிகம். சவ்வு நன்றாக இருக்கிறது என்றார்கள். ரத்தம், சிறுநீர் சரி. தடுப்பூசி அட்டையில் லெப்டோ விட்டுப்போயிருந்தது, போட்டாகிவிட்டது, இரண்டாவது டோஸ் அடுத்த வாரம்.

அம்மா முதல் நான்கு நாள் நாற்காலியில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டே சீரியல் பார்த்தார். ஐந்தாம் நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது, தன்னுடைய தலை பின்னுகிற ரப்பர் பேண்டால் அவனுடைய இரண்டு காதையும் மேலே தூக்கிக் கட்டிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். முடியை இறுக்கிப் பிடிக்குமே என்று கழற்றிவிட்டு ராணியப்பா சொன்ன காலுறையைக் கொடுத்தேன். அந்த மாவு வாசனை பத்தாம் நாளிலேயே குறைந்துவிட்டது. குனிந்தால் இன்னமும் எனக்கு மட்டும் இரண்டு சொட்டு விடுகிறான்.

ஒரே ஒரு சந்தேகம். சொட்டு மருந்து விட்டதும் நேராக ஓடிப் போய் சோபாவில் காதைத் தேய் தேய் என்று தேய்க்கிறான், மருந்தெல்லாம் அதில்தான் போகிறது. என்ன செய்வது?

மாம்பலம்_ராணியப்பா

விட்ட உடனே ஒரு நிமிடம் காதடியைப் பிசைந்துகொண்டே பிடித்து வைத்திருங்கள், அதற்குள் மருந்து உள்ளே இறங்கிவிடும். கையில் ஒரு துண்டு கேரட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சோபாவுக்குப் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிடுங்கள் சார், எங்கள் வீட்டில் 12 வருஷமாக வேட்டிதான் விரித்திருக்கிறது, சோபா என்ன நிறம் என்று எனக்கே மறந்துவிட்டது.